தலைத்தீபாவளிப் படத்தின் இரண்டாம் பாதி

சென்ற ஆண்டு தீபாவளியன்று மாலை, தாம்பரத்தில் ஒரு திரையரங்கில் நடந்தது இது. என் மகளுக்கும் மருமகனுக்கும் அது தலைத்தீபாவளி. புது மாப்பிள்ளையைப் புதுப் படத்துக்கு அழைத்துச் செல்வது எங்கள் குடும்பத்தில் தவறாத வழக்கம். என் மாமனார் என்னை அழைத்துச் சென்றார். நான் என் மருமகனை அழைத்துச் சென்றேன்; மனைவியும் மகளும் உடன் வந்தார்கள்.

மருமகன் கென்யா நாட்டவர். மகள் வெளிநாட்டில் படித்தபோது பழகி, அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். கேளம்பாக்கத்துக்கு அருகே அவருக்கு வேலை உறுதியாகியிருந்தது. மேடவாக்கத்தில் வீடும் பார்த்துவிட்டோம். மறுநாள் பேசி முடிப்பதாக இருந்தது. ஒரே மகள் இனிப் பக்கத்திலேயே இருப்பாள் என்று என் மனைவி பூரித்திருந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு நான் தலைவன். தை மாதம் வரவேற்பு வைத்து முறைப்படி அறிமுகப்படுத்தலாம் என்று, அதுவரை தெருவில் எவரிடமும் விவரம் சொல்லியிருக்கவில்லை.

படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். நிறவெறியைக் கேலி செய்யும் நகைச்சுவைப் படம் என்று நாளிதழில் படித்திருந்தேன். இடைவேளை வரை அப்படித்தான் இருந்தது. கறுத்த நாயகனுக்குப் பெண் தர மறுக்கும் குடும்பம், வழி தவறி வந்த வெள்ளைக்காரத் திருடனுக்கு ஆரத்தி எடுக்கிறது. நான் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியில் அமர்ந்திருந்த மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இடைவேளைக்குப் பின் படம் தடம் மாறியது. நகைச்சுவை நடிகர் தார்ப் பீப்பாயில் விழுந்து எழுகிறார். ஊரார் அவரை ஆப்பிரிக்கர் என்று எண்ணித் துரத்துகிறார்கள். அவர் பொருளற்ற ஒலிகளை எழுப்பிக் குதிக்க, விளக்குமாற்றால் அடி விழுகிறது. அரங்கமே சிரித்தது. முன்வரிசை இளைஞர் ஒருவர் தற்செயலாகத் திரும்பினார்.

“மச்சான், படத்துல இருந்து எறங்கி இங்க வந்து குந்திகினு கீறான் பாரு!”

வரிசை முழுவதும் திரும்பியது. ஒருவர் கைப்பேசி விளக்கை மருமகனின் முகத்தில் அடித்தார். அந்த வெளிச்சத்தில், பின்வரிசையில் இருந்த எங்கள் சங்கச் செயலாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“சார், நீங்களா! யாரு சார் இவரு, உங்க கூட?”

நான் எழுந்து நின்றேன். முன்வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: “என் மகளின் கணவர்.”

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சார், நீங்க ஜோக் அடிச்சு இன்னிக்குத்தான் பார்க்கறேன்! டைமிங் சூப்பர் சார்!”

முன்வரிசை கைதட்டியது. “பெருசு செம காமெடிப்பா!”

“விளையாட்டில்லை, உண்மை” என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அவருக்கு அந்தப் பக்கம் இருட்டில் இருந்த மகள், கணவரின் கையைப் பற்றி எழுப்பினாள். பழக்கமில்லாத வேட்டியின் நுனியைப் பிடித்தபடி அவர் மெதுவாகப் படியிறங்கினார். மகளைக் கண்டதும்தான் செயலாளரின் சிரிப்பு நின்றது. அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

காரில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் வெடிச் சத்தம். “அப்பா, நாளைக்கு அந்த வீட்டுக்காரர் கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள் மகள். மனைவி அழுதாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் மருமகன், மகளிடம் கற்ற தமிழில் சொன்னார்: “ஃபர்ஸ்ட் ஹாஃப் நல்லா இருந்துச்சு, மாமா.”

என்னை ஆறுதல்படுத்தவே அப்படிச் சொன்னார்.

சில நாள்களில் இருவரும் வெளிநாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். தை வந்து போயிற்று, வரவேற்பு நடக்கவில்லை. செயலாளர் இன்றும் காலையில் வணக்கம் சொல்கிறார், நானும் சொல்கிறேன். ஆனால், என் சொல்லுக்கு எங்கள் நகரில் மறுபேச்சே கிடையாது என்று நிமிர்ந்து நடந்த என்னால் இப்போது அப்படி நடக்க முடிவதில்லை; வாழ்நாளெல்லாம் பொத்திப் பொத்திக் காத்த நற்பெயர், அன்று பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு அரை நிமிடம்கூடத் துணை நிற்கவில்லையே!