எந்தச் சாம்பார்?

சிட்னியில் இருந்து மெல்பேர்ன் பக்கம் இருக்கிற வெரிபீக்குப் போகும் வழியில், ஒரு வேட்டைச் சாமான் கடைக்குள் நானும் மனைவியும் நிற்கிறோம். மகள் கட்டப்போகும் வெள்ளைக்காரப் பெடியனை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறோம். அவன் மான் வேட்டைக்காரன். கொம்பு அரிகிற வாள் கொண்டுபோனால் சந்தோசப்படுவான் என்று மகள் சொன்னாள். பிழையான வாளைக் கொடுத்தால், மாமன் ஒன்றும் தெரியாத ஆள் என்று முதல் நாளே நினைத்துவிடுவானோ?

சுவரில் ஏழெட்டு வாள் தொங்குகிறது. எல்லாம் ஒரே மாதிரித்தான் எனக்குத் தெரிகிறது. தாடிக்காரக் கடைக்காரர் வந்து, "சாம்பார்?" என்று கேட்கிறார்.

காருக்குள் சாம்பார் இருக்கிறது இவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்துப்போய் மனைவியைப் பார்க்கிறேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோவன். சட்டையில மணக்குதாக்கும்."

"யெஸ். இன் த கார். மை வைஃப்," என்கிறேன்.

கடைக்காரர் கண் விரிய அவளுக்குக் கைகொடுக்கிறார். என்னை விட்டுவிட்டு அவளுக்கே விளக்குகிறார்: கொம்பும் எலும்புதானாம், பொடிப் பல் வாள்தான் சிக்காமல் அரியுமாம். பிறகு போனில் ஒரு படம் காட்டுகிறார். பெரிய கொம்போடு ஒரு மான். அதன் பெயர் சாம்பாராம்.

பொடிப் பல் வாளையே வாங்கிக்கொண்டு காருக்குள் ஏறுகிறோம். பின்சீற்றில் சாம்பார்ச் சட்டி இருக்கிறது. "அவருக்குச் சாம்பார் எண்டால் உயிர்" என்று மகள் சொன்னதால்தான் மனைவி விடிய எழும்பி வைத்தாள்.

"பிள்ளை சொன்னது எந்தச் சாம்பாரையப்பா?" என்கிறேன்.

"என்ர சட்டிக்குள்ள கிடக்கிறதைத்தான் அவர் தின்ன வேணும். நீங்கள் காரை எடுங்கோ."