சி.ஐ.டி. அக்காவின் பிடி

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அந்தப் பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் சி.ஐ.டி. அக்கா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கையில் சூடான பெட்டி இருக்கும். ஒரு சட்டையை மேசையில் விரித்தால் போதும், அதைப் போட்டவர் எந்தத் தோளில் பை மாட்டினார், எதன்மேல் சாய்ந்து நின்றார், வீட்டுக்குத் தெரியாமல் எதைக் குடித்தார் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். "மனுஷன் பொய் சொல்லுவான், துணி சொல்லாது" என்பாள்.

ஊரார் துணியையெல்லாம் படித்தவள், கட்டிய கணவனின் துணியை மட்டும் படிக்காமல் விட்டாள். அவன் வேறு வீடு பார்த்துக்கொண்ட சங்கதி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் காதுக்கு வந்தது. போகும்போது ஒரு முரட்டுத் துணிச் சட்டையையும், கைக்குழந்தையாக இருந்த மகளையும் விட்டுப் போனான். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. பால்காரர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். சாலையைக் கடக்கும்போது மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள் என்றால் விரல் தடம் பதியும். மகள் பள்ளி இறுதி வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.

அந்த மகள் இப்போது கொஞ்ச நாளாக மாறியிருந்தாள். சுவரோடு சுவராக ஒட்டி நடந்தவள் தெருவில் நிமிர்ந்து நடந்தாள். காய்கறிக் கடையில், "அண்ணே, அழுகினதை எடுத்துட்டு வேற போடுங்க" என்று கடைக்காரரின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். தெருமுனையில் விசிலடிக்கும் கூட்டத்துக்குப் பயந்து சுற்றுவழியில் வீடு வந்தவள், இப்போது அந்த முனை வழியாகவே வந்தாள். வேறொரு தாயாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். சி.ஐ.டி. அக்கா துப்புத் துலக்க ஆரம்பித்தாள். ஒரு பெண்ணுக்குத் திடீரென்று தைரியம் வந்தால் அதைக் கொடுத்தவன் ஒருவன் எங்கேயோ இருக்கிறான். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

கணக்குக்கேற்ற சாட்சியும் கிடைத்தது. மகள் டியூஷனுக்குக் கொண்டுபோகும் பையின் அடியில், தகப்பன் விட்டுப்போன அதே முரட்டுச் சட்டை, வியர்வை நாற்றத்தோடு சுருண்டு கிடந்தது. மேசையில் விரித்தாள். காலரின் இடப்பக்கம் இழுபட்டுக் கசங்கியிருந்தது. வலக்கையில், முழங்கைக்கிட்டே துணி முறுக்கிக்கொண்டு நின்றது. தோளில் தையல் விட்டிருந்தது. மறுபடி ஒரு தடவை படித்தாள். எவனோ எதிரே ஒட்டி நின்று, ஒரு கையால் காலரையும் மறு கையால் சட்டைக்கையையும் பிடித்து இழுத்திருக்கிறான். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. சட்டையை எடுத்த இடத்திலேயே சுருட்டி வைத்தாள்.

"இன்னைக்கு என்ன பாடம்டி?"

"கணக்கும்மா."

"முழங்கையில என்ன காயம்?"

"பெஞ்சுல இடிச்சுக்கிட்டேன்."

கணக்குப் போட்டால் காலர் கசங்குமா? அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்; படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் தன் கண்ணெதிரே பொத்தான் தைக்க உட்கார வைக்க வேண்டும். மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மகளின் பின்னாலேயே போனாள். பெயின்ட் கடைக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படி. மகள் விறுவிறுவென்று ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலே தொப்பென்று எதுவோ விழும் சத்தம். அடுத்து ஒரு குரல்: "காலரை நல்லாப் பிடி! விடாதே!"

சி.ஐ.டி. அக்கா எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளினாள். தரை முழுக்கத் தடித்த விரிப்பு. அதன்மேல் பள்ளிக்கூடப் பெண்கள். அந்த முரட்டுச் சட்டையை மாட்டியிருந்த மகளுக்கு எதிரே ஒரு குண்டுக் கன்னச் சிறுமி, காலரில் ஒரு கை, சட்டைக்கையில் ஒரு கை, சட்டையில் படித்தது படித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டென்று திரும்பி இடுப்பைக் கொடுத்து மகளைத் தூக்கிப் போட்டாள். விழுந்த மகள் விரிப்பை அடித்துக்கொண்டு சிரித்தபடி எழுந்தாள். தாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவன் எங்கேடி?"

"எவன்மா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பயிற்சியாளர் அம்மா அருகே வந்து, "இது ஜூடோ வகுப்புங்க, பொண்ணுங்க மட்டும்தான்" என்றார். சி.ஐ.டி. அக்கா கதவுக்குப் பின்னாலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"இதுக்கா பொய் சொன்னே?"

"உண்மையைச் சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

"நட வீட்டுக்கு!" என்று மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வருடக்கணக்கில் பெட்டி தேய்த்த கை. அதிலிருந்து மகள் இதுவரை தப்பியதே இல்லை. இன்று மகள் இழுக்கவில்லை, அழவில்லை. தாயின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாக மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள். அவ்வளவுதான். சி.ஐ.டி. அக்காவின் கை வெறுமனே அந்தரத்தில் நின்றது.

"வலிச்சுதாம்மா?" என்று பதறிப்போய்க் கேட்டாள் மகள்.

வலிக்கவில்லை. ஆனால் கண்ணில் நீர் முட்டியது. என் பிடியையே உதறுகிறவளை எவன் பிடித்து வைக்க முடியும்? அவளுக்கு இத்தனை வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. உடனே சந்தேகமும் வந்துவிட்டது.

"நான் அசந்திருந்தேன். மறுபடி பிடிக்கிறேன், இரு."

இரண்டு கையாலும் பிடித்தாள். அதையும் மகள் விடுவித்துக்கொண்டாள். சி.ஐ.டி. அக்கா பயிற்சியாளர் அம்மாவை முறைத்துவிட்டு, மகளிடம், "சட்டையைக் கழட்டிக் குடு. தோள்ல உள்பட்டை வெச்சுத் தைக்கணும்" என்றாள்.

அவள் திருந்திவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. குண்டுக் கன்னச் சிறுமியின் வீடு எது, குடும்பம் எப்படி என்றெல்லாம் மறுநாளே விசாரித்து முடித்தாள். மகள் வெளியே கிளம்பும்போதெல்லாம் இப்போதும் வாசலில் வழிமறித்து மணிக்கட்டைப் பிடிக்கிறாள். விடுவித்துக்கொண்டால் போகலாம், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். மகள் ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். தாயும் ஒருநாள்கூடப் பிடியைத் தளர்த்திக் கொடுத்ததில்லை.