சாம்பல் கழுவிய கை

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. இது இஹாயாவுக்கு நடந்தது. அவன் பொய் சொல்லத் தெரியாதவன். வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னான். அதற்கே இவ்வளவும்.

தென்கடல் தீவு ஒன்றில், ரோட்டோருவா ஏரிக்குத் தெற்கே ஓர் எரிமலைக் குன்று. அதன் அடிவாரத்தில் சுற்றுலாக் குடில்கள் கட்ட அவன் பெரியப்பா மகன் மட்டியு துடித்துக்கொண்டிருந்தான். குன்று கடைசியாக எப்போது வெடித்தது என்று நிலவியல் ஆய்வாளனான இஹாயா எழுதிக் கொடுக்க வேண்டும். சாம்பலில் கிடக்கும் சிர்க்கான் படிகங்கள்தான் அவனுக்குக் கடிகாரம். வெடித்து ஆறியபின் படிகத்துக்குள் ஹீலியம் சேரத் தொடங்கும். அந்தப் பொடிப் படிகத்தைப் பிளாட்டினச் சிமிழில் அடைத்து, முனைகளை நசுக்கி, லேசரால் சுட்டால் சேர்ந்ததெல்லாம் வெளியே வரும். அதை அளந்தால் வயது.

எல்லாப் படிகமும் பல்லாயிரம் ஆண்டு என்றன. மூன்றில் மட்டும் ஹீலியமே இல்லை. நேற்று மாலை வெடித்தது போல.

"மெஷின் கோளாறு. தூக்கிப் போடு தம்பி," என்றான் மட்டியு போனில். "ஊரே வேலைக்குக் காத்துக்கிட்டிருக்கு. மூணு தூசிக்காக எங்க வாயில மண்ணைப் போடுவியா?"

"தூசி இல்லண்ணே..."

"பின்ன என்ன, வைரமா?"

மூன்று சிமிழையும் குப்பைக்கூடையில் போட்டான். குன்று பல்லாயிரம் ஆண்டாகத் தூங்குகிறது என்று கையெழுத்திட்டான். 

மறுவாரம் பட்டப்பகல். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் தானே ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய சாம்பல் சேறு.

"நையரி, நீயா கை கழுவின?"

"நான் இப்பத்தான் உள்ளயே வர்றேன்," என்றாள் உடன் வேலை செய்பவள். "மண்ணுல கட்டிப் புரள்றவன் நீதானேப்பா!"

மூடினான்.

அடுத்த நாளும் ஓடியது. குழாயின் பிடியில் ஐந்து விரல் தடம். சாம்பல் நிறம். தொட்டான்... சுட்டது.

புதைகாட்டிலிருந்து வெளியே வந்தால் கை கழுவுவது அவன் மக்களின் வழக்கம்.

அப்படியானால்... எங்கிருந்து வந்த கை இது?

சொட்... சொட்...

தரையில் ஈரக் காலடிகள். தொட்டியிலிருந்து குப்பைக்கூடை வரை.

திரும்பிப் போன தடம் இல்லை.

கூடையைக் கவிழ்த்தான். சிமிழ்கள் இல்லை.

போனை எடுத்தான். "அண்ணே, வேலையை நிறுத்து. நான் எழுதினது பொய்."

 மறுமுனையில் மட்டியுவின் குரல்.

"நிறுத்தியாச்சுடா. அஸ்திவாரக் குழியில எலும்பு. ஆள் முழுசா... பெரியவங்களை வரச் சொல்லியிருக்கோம்."

இஹாயா போய்ப் பார்த்தான். அந்தத் தீவில் மனிதர் காலடி வைத்து எழுநூறு ஆண்டு இருக்கலாம். இந்த மனிதரை மூடியிருந்ததோ, அவன் பல்லாயிரம் ஆண்டு என்று எழுதிய அதே சாம்பல். மேலடுக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

பெரியவர்கள் மந்திரம் சொல்லி எலும்பைத் தூக்கினார்கள். மூடியிருந்த கை மெல்ல விரிந்தது.

பிளாட்டினச் சிமிழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முனை மட்டும் இரண்டு முறை நசுக்கப்பட்டிருந்தது. இஹாயாவைத் தவிர யாரும் அப்படி நசுக்குவதில்லை.

அறிக்கையைத் திரும்பப் பெற்றான். குடில்கள் எழவில்லை. மட்டியு இன்றும் அவனோடு பேசுவதில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தான்.

ஆனால் அவன் வீசியது மூன்று. அந்தக் கைக்குள் இருந்தது இரண்டு.

இப்போது அவன் வீட்டுச் சமையலறையில் குழாய் ஓடுகிறது.