பலகையில் ஏறி நில்லுங்கோ

மதலேனாவிடம் தராசு இருக்கவில்லை. ஒரு பனம்பலகை இருந்தது. ஆறடி நீளம், ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. இரண்டு முனைக்கும் கல் வைத்து, நடுவில் ஆளை ஏறி நிற்கச் சொல்லுவாள். குனிந்து, பலகை எத்தனை விரல் தாழ்கிறது என்று பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து எடையைச் சொல்லுவாள். ஆண்களுக்கு உரத்து. பெண்களுக்கு விரலால் காட்டி.

“நூற்றி நாப்பத்தைஞ்சு இறாத்தல். ரெண்டாம் பெட்டி.”

ஒருமுறை வயல் செய்யும் ஏரம்பு என்ற கமக்காரர் அவளைச் சோதிக்கவென்று சங்கக்கடைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு இறாத்தல் வித்தியாசம்.

“பிழைச்சுப்போனாய், மதலேனா.”

“பிழைக்கேல்லை, அண்ணை. வழியிலை ஆரோ தேத்தண்ணி வாங்கித் தந்திருக்கினம்.”

ஏரம்பு சிரித்துவிட்டார். வாங்கிக் குடித்தது உண்மைதான்.

அந்தப் பலகை அவளுடைய ராட்டினத்துக்காக. கணவன் இராயப்பு முல்லைத்தீவுக் கரையில் இருந்து செய்தது. அச்சு, பழைய லொறி ஒன்றின் இரும்புத் தண்டு. அது சுழலும் கட்டைகள் பாலை மரம். அவற்றுக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். அதனால் ராட்டினம் கிறீச்சிடாது, ஆனால் மணக்கும். நாலு பெட்டி, பெட்டிக்கு இரண்டு பேர், தள்ளிச் சுற்ற இரண்டு ஆட்கள். பல்லுச்சக்கரமும் இல்லை, பிடித்து நிறுத்தும் தடையும் இல்லை. ஆகவே எதிரெதிர்ப் பெட்டிகளின் எடை சரியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாரமான பெட்டி கீழே போய் நின்றுவிடும். அதைவிட மோசம், மேலேயிருந்து தானாக ஓடிவரும்.

ஒருமுறை அப்படி ஓடியது. 1954இல், பரந்தனுக்குத் தெற்கேயிருந்த குடியேற்றத்தில், வாசிகசாலைச் சபை வருடா வருடம் நடத்தும் களியாட்ட விழாவில். ஒரு பெரிய குடும்பத்து ஆட்கள் மூன்று பேர் ஒரே பெட்டியில் நெருங்கி ஏறினார்கள். எதிர்ப் பெட்டியில் யாரும் ஏறக்கூடாது என்றார்கள். தாங்கள் கீழே வரும்போது வயல் கூலிக்காரர் யாராவது தங்கள் தலைக்கு மேலே இருப்பதா என்பது அவர்களுடைய கேள்வி. இராயப்புவுக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. மூன்றாம் சுற்றில் ராட்டினம் கைமீறியது. பிடிக்கப் போன இராயப்புவின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஏறியவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அவர்கள் இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கை பிறகு நேராகவில்லை. இரண்டு வருடத்தில் இராயப்பு நெருப்புக்காய்ச்சலில் இறந்தான். ராட்டினத்தைக் கரையிலேயே போட்டுவிட்டுக் கருவாடு போடச் சொன்னார்கள் உறவுக்காரர். மதலேனா கருவாடும் போட்டாள். சிறுபோக அறுவடை முடிந்ததும் ராட்டினத்தைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, மகனையும் ஏற்றி, இரண்டு நாள் வழி பரந்தனுக்குப் போனாள். அந்த வருடம்தான் பலகை வந்தது.

பலகையோடு ஒரு சட்டமும் வந்தது. பாரமான ஆளுக்குப் பக்கத்தில் பாரமில்லாத ஆள். ஒவ்வொரு பெட்டியும் கூட்டிப் பார்த்தால் ஒரே தொகை. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பலகை சொல்லும்.

“உவனுக்குப் பக்கத்திலை நான் இருக்கமாட்டன்” என்று யாராவது சொன்னால் மதலேனா வாதாடமாட்டாள்.

“அப்ப இறங்குங்கோ. அடுத்த ஆள் பலகையிலை ஏறுங்கோ.”

பலர் இறங்கினார்கள். இறங்காதவர்கள் அதைவிட அதிகம். மேலே போனால் தலைக்குமேல் காற்று மட்டும்தான். வடக்கே, வெயில் சரிவாக விழும் நேரத்தில், ஆனையிறவு உப்பளம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் யார் இருந்தாலும் சகித்துக்கொண்டார்கள்.

1962 ஆடியில் கடிதம் வந்தது. விழா மைதானத்தின் பழைய பகுதி முழுவதும் அகற்றப்பட்டு, கொழும்பிலிருந்து வரும் நவீன காட்சிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. தங்கள் இராட்டினத்துக்கு இவ்வருடம் இடம் வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம். கீழே சபைச் செயலாளர் கனகலிங்கத்தின் கையொப்பம். அவர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார்.

மதலேனா கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வாசிகசாலையில் அவர் இருந்தார். வேறு இரண்டு மூன்று பேர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“கடுதாசி கிடைச்சுதோ?”

“கிடைச்சபடியாத்தானே வந்தனான், மாஸ்டர். இயலாமைக்கு வருந்துறியளாம். என்ன இயலாமை?”

“காலம் மாறுது, மதலேனா. சனம் புதுசு கேக்குது. இரும்பு ராட்டினம், எட்டுக் கதிரை, மோட்டரிலை ஓடுறது. கண்ணாடி வீடு. கிணத்துக்குள்ளை மோட்டச்சைக்கிள் ஓடுறாங்கள்.”

“வரட்டும். நானும் பாக்கத்தான் வேணும். அதுக்கு என்னை ஏன் கலைக்கிறியள்? என்ர ராட்டினத்துக்கு அரைப் பரப்புக் காணி போதும்.”

கனகலிங்கம் பேப்பர் வாசிப்பவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உம்மட ராட்டினத்தாலை சபைக்குக் கரைச்சல். போன வருஷம் என்ர மச்சாளை ஆரோடை இருத்தினீர்?”

“வீரகத்தியின்ர பெண்சாதியோடை.” வீரகத்தி அவளுக்கு ராட்டினம் தள்ளுகிறவன். மற்ற நாட்களில் வயல் கூலி. “உங்கட மச்சாள் நூற்றி எழுவது. அவள் எண்பத்தைஞ்சு. வேறை ஆரோடை இருத்திறது?”

ஒரு பேப்பருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

“எடையை இஞ்சை சொல்லாதையும்.”

“விரலாலை காட்டவோ?”

இருமல் பெரிதாயிற்று. கனகலிங்கம் எழுந்து வெளியே வந்தார். வேம்பின் கீழ் நின்று, கெட்ட மனிதராக இல்லாமல், உண்மையாகவே உதவி செய்கிற குரலில் சொன்னார்: “ஒரு பெட்டியை மட்டும் ஒதுக்கிவிடும். அவையள் அதிலை மட்டும் ஏறட்டும். மிச்சத்தை நான் சபையோடை கதைக்கிறன். பழைய இடமே எடுத்துத் தாறன்.”

“எவையள்?”

“உமக்குத் தெரியுந்தானே.”

“தெரியும். உங்கட வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

கனகலிங்கம் வாசிகசாலை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“நாலு பெட்டியிலை ஒண்டை ஒதுக்கினால் ராட்டினம் சுத்தாது, மாஸ்டர். அப்பிடி ஒதுக்கினதாலைதான் என்ர மனுசன்ர கை முறிஞ்சது. பெட்டி ஒதுக்கித்தான் நான் இடம் எடுக்கவேணுமெண்டால் அந்த இடம் எனக்கு வேண்டாம்.”

“அப்ப இந்த வருஷம் வராதையும்.”

“வருவன்.”

மைதானத்தின் கிழக்கு வேலிக்கு அப்பால் ஏரம்புவின் வயல். அறுவடை முடிந்து, சூடு மிதித்த களம் கல்லுப்போல இறுகிக் கிடந்தது. மதலேனா நேரே அங்கே போனாள்.

“ஏரம்பண்ணை, இதிலை என்ர ராட்டினத்தை நடட்டோ?”

“நடன். மாஸ்டர் வந்து கேட்டால்?”

“வேலிக்கு இஞ்சாலை சபை இல்லை எண்டு சொல்லுங்கோ.”

“அதை நீ சொல்லு. எனக்கு அண்டைக்குக் காது கேளாது.”

ஆவணியில் விழா தொடங்கியது. மதலேனா களத்தில் நாலு குழி வெட்டி ராட்டினத்தை நட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் இரும்பு ராட்டினம் அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. முதல் நாள் அவளிடம் பதினொரு பேர் வந்தார்கள். அங்கே நூற்றுக்கணக்கில்.

அவள் அதைப் பழிக்கவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு வேலியோரம் நின்று ஒரு மணித்தியாலம் பார்த்தாள். பட்டி, கப்பி, தடை, அச்சு. “நல்ல வேலை. சில்லு நேரா ஓடுது” என்றாள். அவ்வளவு தெளிவான பாராட்டு அவளிடமிருந்து வேறு எந்த இயந்திரத்துக்கும் கிடைத்ததில்லை. பிறகுதான் கயிற்றைக் கண்டாள்.

ரிக்கற் விற்கும் கொட்டிலுக்கு முன்னால், ஏறுவதற்கு ஒரு வரிசை. வாய்க்கால் பக்கமாகக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. முன் வரிசை முடிந்த பிறகுதான் பின் வரிசை. முன் வரிசை முடியவே இல்லை. கயிற்றுக்குப் பின்னால் வீரகத்தியின் தம்பி சின்னராசா புதுச்சட்டையோடு நின்றான். மத்தியானத்திலிருந்து நிற்கிறானாம். கையில் இரண்டு ரிக்கற். பக்கத்தில் மனைவி.

மோட்டருக்குப் பலகை தேவையில்லை என்று மதலேனாவுக்கு அப்போது விளங்கியது. சபை அதைக் கொண்டுவந்ததும் அதற்காகத்தான்.

மறுநாள் பின்னேரம் அவள் தன் ராட்டினத்தை நிறுத்தினாள். கைகால் கழுவி, தேவாலயத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டினாள்.

“வீரகத்தி, வா. உந்த ராட்டினத்திலை ஒருக்கா ஏறிப் பாப்பம்.”

“கயித்துக்குப் பின்னாலையோ, அக்கா?”

“முன்னாலை.”

“அக்கா, அடி விழும்.”

“விழுந்தால் ரெண்டு பேருக்கும் விழும். நடை.”

ரிக்கற் விற்றவன் கொழும்பு ஆள். ஊர் வழக்கம் தெரியாது. இரண்டு கிழித்துக் கொடுத்தான். இருவரும் ஒரே கதிரையில் ஏறினார்கள். சில்லு நகர்ந்து அடுத்த கதிரை கீழே வந்தது, அடுத்தது, அடுத்தது. மதலேனா உச்சிக்குப் போன நேரம் கீழே கனகலிங்கம் வந்துவிட்டார்.

“நிப்பாட்டு. அவையை இறக்கு.”

மோட்டர் ஓய்ந்தது. உச்சியில் சோளகக் காற்றில் கதிரை ஆடியது. வீரகத்தி கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவ்வளவு காலம் ராட்டினம் தள்ளியவன். ஏறியது அன்றுதான் முதல் தடவை.

“கண்ணைத் துறந்து பாரடா. உப்பளம் தெரியுது.”

“எனக்குத் தெரியவேண்டாம், அக்கா.”

கதிரை கீழே வந்தது. ஆள் வந்து கம்பியை நீக்கினான். மதலேனா அசையவில்லை.

“இறங்கும், மதலேனா” என்றார் கனகலிங்கம்.

அவள் ரிக்கற்றை நீட்டிப் பிடித்தாள். “இதிலை என்ன அடிச்சிருக்கு, மாஸ்டர்? நீங்கள் படிப்பிக்கிறனீங்கள். வாசியுங்கோ.”

“விளையாடாதையும்.”

“ஆறு சுத்து எண்டு அடிச்சிருக்கு. ஒண்டுதான் ஓடினது. மிச்சம் அஞ்சு. ஓடின பிறகு இறங்கிறன்.”

“வீரகத்தி, நீ இறங்கு.”

வீரகத்தி மதலேனாவைப் பார்த்தான். கீழே நின்ற சனத்தைப் பார்த்தான். அந்த ஊரில் அவன் வேலை செய்யாத வயல் இல்லை.

“என்ர ரிக்கற்றிலையும் ஆறு எண்டுதான் ஐயா கிடக்கு.”

சில்லு நகர நகர, மற்றக் கதிரைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிலர் கோபத்தில், சிலர் மற்றவர்கள் இறங்கியதால். ஏழு கதிரையும் வெறுமை. மதலேனாவும் வீரகத்தியும் மட்டும் இருந்தார்கள். முன் வரிசை முணுமுணுத்தது. அவர்கள் இறங்காமல் யாரும் ஏறப்போவதில்லை. வெயில் சாய்ந்தது. அரை மணித்தியாலம் போயிற்று. இயந்திரக்காரன் சலித்துப்போய், தனக்கு ஆள் ஏறினால் போதும், இல்லாவிட்டால் மோட்டரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவதாகச் சொன்னான்.

மதலேனா இருந்த இடத்தில் இருந்து கயிற்றுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“சின்னராசா! எதிர்க் கதிரை வெறுமையாக் கிடக்கு. இது மோட்டர்தான். எண்டாலும் சரியா இருக்கிறது நல்லது. பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வா.”

சின்னராசா கயிற்றைப் பார்த்தான். பிறகு அதைத் தூக்கிப் பிடித்தான். மனைவி குனிந்து வந்தாள். பின்னால் இன்னும் பத்துப் பேர். ரிக்கற் எல்லாரிடமும் இருந்தது. இயந்திரக்காரன் எண்ணிப் பார்த்து ஏற்றினான். கனகலிங்கம் ஏதோ சொன்னார். மோட்டர்ச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஐந்து சுற்று ஓடியது. ஆறாவதும் சேர்த்து ஓட்டினான், முதல் சுற்று அரைகுறை என்று. மதலேனா இறங்கி, சேலையைச் சரிசெய்து, கனகலிங்கத்துக்கு முன்னால் நின்றாள்.

“நல்ல ராட்டினம், மாஸ்டர். அடுத்த வருஷமும் எடுப்பியுங்கோ.”

அடுத்த வருடமும் சபை எடுப்பித்தது. அடுத்த வருடமும் கயிறு கட்டினார்கள். இரண்டாம் நாள் அதை யாரோ அறுத்துவிட்டார்கள். மூன்றாம் வருடம் கட்டவில்லை. பழைய இடத்தை மதலேனா திரும்பக் கேட்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை. ஏரம்புவின் களத்தில் 1968 வரை ராட்டினம் நட்டாள். சில வருடம் கூட்டம், சில வருடம் இல்லை. கனகலிங்கத்தின் மச்சாள் ஒரு பின்னேரம் வேலியைச் சுற்றி வந்து, பேசாமல் பலகையில் ஏறினாள். மதலேனா விரலால் காட்டினாள். நூற்றி எழுபத்தைந்து.

1969 பங்குனியில் மதலேனா இறந்தாள். இதயம். நாற்பத்தெட்டு வயது. மகன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தான். பலகை தாழ்வதற்கு ஒரு சூத்திரம் உண்டென்று தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள், “அதைப் போட்டுப் பார், எனக்கு எத்தினை இறாத்தல் பிழைக்குது எண்டு” என்றிருந்தாள். அவன் போட்டுப் பார்க்கவில்லை. நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு முக்கால் மைல், முழுக்கக் கடல் மணல். மணலில் பாரமான ஆளின் கால் அதிகம் புதையும். தூக்குகிற நாலு பேரும் எடையில் ஒத்திராவிட்டால் சவப்பெட்டி சரியும். மகன் பலகையை முற்றத்தில் கொண்டுவந்து போட்டான், இரண்டு முனைக்கும் கல் வைத்து. செத்த வீட்டில் இது என்ன கூத்து என்று யாரோ கேட்டார்கள். அவன் குனிந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரந்தனிலிருந்து முதல் பஸ்ஸில் தம்பியோடு வீரகத்தி வந்திருந்தான். எடையில் அவன் இராயப்புவின் தமையன் மரியநேசனோடு ஒத்துவந்தான்.

“பெரியப்பா, நீங்கள் முன்னுக்கு இடது பக்கம். வீரகத்தியண்ணை வலது.”

மரியநேசன் வீரகத்தியை மேலும் கீழும் பார்த்தார். “உவனோடை சேந்து நான் தூக்கிறதோ? எங்கட ஆக்கள் இஞ்சை இல்லையோ?”

“அப்ப விடுங்கோ, பெரியப்பா.”

மரியநேசன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விலகி நின்றார். மகன் அவரை மறுபடி கூப்பிடவில்லை.

“அடுத்த ஆள் பலகையிலை ஏறுங்கோ.”

சின்னராசா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.