வெள்ளைச் சிலைக்கு நான் பூசிய வர்ணம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொண்டு திருத்திப் போட வேண்டும்.

போன வருஷம் மழை முடிந்த சமயம். ரங்கூனில் ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. வீட்டுக்குச் சொந்தக்காரர், கணவரை இழந்த ஒரு பர்மியப் பெரியம்மா. நான் இருக்கும் தன்லியினிலிருந்து பாலம் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும்.

தோட்டத்தில் ஒரு வெள்ளைக் கல் சிலை இருந்தது. பழைய கிரேக்க நாட்டுச் சிலை ஒன்றைப் பார்த்துச் செய்த பெண் உருவம். இடுப்பளவு உயரம், பாசி பிடித்திருந்தது. ஒருநாள் பெரியம்மா வெளியூரிலிருந்து போனில் பேசினார். கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தத்தில் "சிலையை... ஸே..." என்பது மட்டும் காதில் விழுந்தது. பர்மிய மொழியில் 'ஸே' என்றால் கழுவு. வர்ணத்துக்கும் அதே சொல்தான். திரும்பக் கேட்கக் கூச்சம். பெயிண்டரிடம் சொன்னால் வர்ணமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோவில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிப் பழகிய கை இது. உடம்புக்குச் சந்தன நிறம், துணிக்கு நீலம், துணியின் கரைக்கும் உதட்டுக்கும் சிவப்பு, கண்ணுக்குக் கருவிழி. இரண்டு நாள் ஆனது. வெகுகாலத்துக்குப் பிறகு அலுப்புத் தெரியாமல் செய்த வேலை அது.

பெரியம்மா வந்து பார்த்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஸயா, கழுவத்தானே சொன்னேன்? காது கேக்கலையா, இல்ல கை சும்மா இருக்கலையா?"

"தப்பா விளங்கிக்கிட்டேன், தோதோ."

தோதோ என்றால் பெரியம்மா, ஸயா என்றால் வாத்தியார். தொழில் தெரிந்தவர்களையும் ஸயா என்று கூப்பிடுவார்கள். அன்று அது குத்தியது.

அவர் கணவர் ஆசையாக வாங்கிய சிலையாம். நாலாம் நாள் அவருடைய நினைவு நாள், பிக்குகளுக்குச் சாப்பாடு. அதற்குள் பழையபடி வெள்ளையாக வேண்டும் என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

வீட்டில் மனைவி விடவில்லை. "இன்னொரு தரம் கேட்டா வாயில இருந்து முத்தா கொட்டிரும்?"

மூன்று நாள் தின்னரும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாகத் தேய்த்தேன். கண் எரிந்தது, தோள் விட்டுப்போனது. நான் வைத்த கண்ணை நானே அழித்தேன். முகம் வெளுத்துவிட்டது. துணி மடிப்புக்குள் கொஞ்சம் நீலமும் கரையோரம் துளி சிவப்பும் மட்டும் போகவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன்.

பெரியம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் காலத்துல கிரீஸ்ல சிலைக்கெல்லாம் கலர் அடிச்சிருந்தாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்வாரு. மழையில போயிருச்சாம். வெள்ளைதான் அழகுன்னு தேய்ச்சுக் கழுவினவங்களும் உண்டாம். மடிப்புக்குள்ள மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமாம். நான் நம்பவே இல்ல." கண் கலங்கியபடியே சிரித்தார். "மழைக்கு அத்தனை காலம் ஆச்சு. நீங்க மூணு நாள்ல முடிச்சிட்டீங்க. போதும் ஸயா, கையை எடுங்க. இது இருக்கட்டும்."

இப்போதெல்லாம் கூச்சமாக இருந்தாலும் இரண்டாம் முறை கேட்டுவிடுகிறேன். ஆனால் மனதில் நிற்பது அது இல்லை. வேலை முடிந்து பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போது, அந்தக் காலத்துக் கிரேக்க நாட்டில் சிலைக்குக் கண் வரைந்த, பேர் தெரியாத யாரோ ஒரு பெயிண்டரும் இப்படித்தான் கை வலிக்க வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்தது, தீபாவளிக்கு மறுநாள், வேலை இல்லாத திங்கட்கிழமை.