கோட்டோரக் கொடி தந்த கோச் அலெஸ்

அஜக்ஸ் நகரிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிப் பெற்றோர் குழுவில் செய்தி வந்தது. கோச் அலெஸ் நித்திரையிலேயே போய்விட்டார். பக்கத்துச் சீற்றில் இருந்த பெண் என்னவென்று கேட்கும் அளவுக்கு அழுதேன். அவளுக்கு அலெஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் சிரித்தும்விட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு இது புரியும்.

பெலருஸ் நாட்டில் ஒரு இரண்டாம் பிரிவுக் கழகத்தின் பின்வரிசை ஆட்டக்காரர் அவர். முழங்கால் போனதும் அங்கேயே பயிற்சியாளரானார். பிறகு கனடா வந்து எங்கள் பிள்ளைகளிடம் சேர்ந்தார். தன் ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். "பேப்பரில் என் படம் ஒருமுறைதான் வந்தது. எங்கள் கோலுக்குள்ளேயே நான் பந்தை அடித்த அன்று" என்பார். தமிழ்ப் பெற்றோரான எங்களிடம் பொறுக்கிய, விரைந்து ஓடச் சொல்லும் "கெதியா, கெதியா" என்ற சொல்லை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் கத்துவார்.

என் மகள் துளசிக்கு ஆஸ்துமா. விளையாடலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தும், இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு நானும் கோட்டோரம் ஓடுவேன். "காணும், வா பிள்ளை" என்று பாதி ஆட்டத்தில் கூப்பிட்டுவிடுவேன். ஒருநாள், அவளை அணியிலிருந்து நிறுத்தப் போகிறேன் என்று அலெஸிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கோட்டோர நடுவரின் கொடியைத் தந்தார். பெற்றோரில் யார் அதிகம் பயப்படுகிறாரோ அவர் கையில்தான் கொடி. அது அவருடைய வழக்கம். இன்ஹேலரை வாங்கித் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

"மகளை நான் பார்க்கிறேன். நீங்கள் கோட்டைப் பாருங்கள்."

பார்த்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் துளசி கோட்டோரமாகவே பந்தைக் கொண்டுபோய், உள்ளே வெட்டி, கோல் அடித்தாள். அவளுடைய முதல் கோல். நான் கொடியைத் தூக்கியபடி நின்றேன்.

"அம்மா, அது கோல்."

"பந்து வெளியில போயிட்டுது, பிள்ளை."

"பட் யூ ஆர் மை மதர்."

அலெஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொடாத இன்ஹேலரை என்னிடம் நீட்டினார். "இவ்வளவு தூரம் ஓடினாள். நீங்கள் அவளுடைய மூச்சை எண்ணவில்லை, பந்தைப் பார்த்தீர்கள்" என்றார்.

அதன்பிறகு நான் நிறுத்தச் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை துளசி அணியோடு பஸ்ஸில் ஒட்டாவாவுக்குப் போகிறாள். நான் கூடப் போகவில்லை. "பயமா இருக்கா அம்மா?" என்று இன்று கேட்டாள்.

"ஓம். போயிட்டு வா" என்றேன்.

பயம் போகாமலே அதைச் சொல்லத் தெரிந்திருக்கிறது. அலெஸிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.