பஞ்சுக் காலும் பிரேக் பெடலும்

வீட்டுக்குப் போகக் காத்திருந்த நோயாளிகள் நிறைந்த வரவேற்பறையில் நின்றுகொண்டுதான் டயாலிசிஸ் மையத்தின் மேனேஜர் அதைச் சொன்னார்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. பிரேக் கல்லு மாதிரி இருக்கு. உன் கால்தான் பஞ்சு. பொம்பள கால்."

நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு டிரைவர் சிரித்தான். சிரிக்காதவர்கள் தரையைப் பார்த்தார்கள். கியரக்கா மேனேஜரின் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பெயர் நோயாளிகள் வைத்தது. அவள் கியர் மாற்றினால் குலுங்காது. ஊசி குத்தி ஓய்ந்த கைக்கு அந்த அருமை தெரியும். அதற்கு முன்பு அதே மையத்தில் தரை துடைத்தவள் அவள். டிரைவிங் கற்கப் போகிறேன் என்றபோது அக்காள் கணவர், "மொதல்ல அடுப்ப ஒழுங்கா ஓட்டு" என்றார். "அதுக்கு லைசென்ஸ் வேண்டாமே மாமா, நீங்களே ஓட்டுங்க" என்றாள். அன்றோடு அவர் அவளிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். அவள் அதை நஷ்டமாகக் கருதவில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்தும் சாவி வரவில்லை. ஒரு டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட நாளில்தான், வேறு ஆள் கிடைக்காமல், நோயாளிகளை வீட்டில் விடும் எஸ்.யூ.வி.யின் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். பெண்களுக்குக் கதவு பல நேரம் இப்படித்தான் திறக்கிறது. திறந்தவர் அதன்பிறகு ஆயுளுக்கும் வள்ளல்.

போன வாரம் அந்த வண்டி பிரேக் ரப்பர்கள் மாற்றிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பியது. அன்றிலிருந்து பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தால்தான் பிடித்தது. திரும்பக் கொண்டுபோனாள். பிரேக் ஆயிலில் காற்று புகுந்திருக்கும் என்று எடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அதே சேறு. இந்த வண்டியில் நோயாளிகளை ஏற்ற மாட்டேன் என்று இன்று சொல்லிவிட்டாள்.

"ரெண்டு மிதி மிதிச்சா புடிக்குதுல்ல? அப்புறம் என்ன?" என்றான் நெட்டையன்.

"குறுக்க ஒரு குழந்த ஓடி வந்தா, 'கொஞ்சம் இரு கண்ணு, இன்னொரு மிதி பாக்கியிருக்கு'ன்னு சொல்லுவியா?"

மேனேஜர் கையை உயர்த்தினார். "கடைசியா ஒரு தடவ ஒர்க்‌ஷாப்புக்குப் போ. வண்டி நல்லாருக்குன்னு அவங்க சொல்லிட்டா சாவி இவன்கிட்ட. நீ மறுபடியும் மாப்பப் புடிச்சுக்க."

ஒர்க்‌ஷாப்பில் அந்த வண்டியைப் பார்ப்பவர் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர், கோபிக்க மாட்டார். அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "நல்லா அழுத்திப் புடி. கால் மெதுவா கீழ இறங்குதா?" என்றார்.

"இல்லண்ணே. நின்ன எடத்துலயே நிக்குது."

"அப்ப மாஸ்டர் நல்லாருக்கு." பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பம்புக்கு மாஸ்டர் என்று பெயர். டப்பாவில் ஆயில் குறையவில்லை. எங்கும் ஒழுகலும் இல்லை. வண்டியை மேலே தூக்கிச் சக்கரங்களைக் கழற்றினார். ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் காற்று வெளியேற ஒரு சின்னத் திருகு உண்டு. அதில் குழாயைச் செருகித் திறந்தார். உதவியாள் பெடலை மிதிக்க, ஆயில் தெளிவாக ஓடியது. ஒரு குமிழிகூட இல்லை.

"காத்தே இல்ல தங்கச்சி. நான் என்ன பண்ணட்டும்? சில வண்டிக்கு ராசி அப்படி."

"போன வாரம் நீங்க கழட்டறதுக்கு முன்னாடி இந்த ராசி எங்கண்ணே போயிருந்துச்சு?"

சோடாபுட்டி குழாயைச் சுருட்டினார். அவள் முன்சக்கரம் இருந்த இடத்துக்குப் போய் நின்றாள். தரை துடைத்த காலத்தில் டயாலிசிஸ் மெஷினைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

"எங்க மெஷின்ல ரத்தம் போற வழியில ஒரு குப்பி இருக்கும்ணே. குமிழி வந்தா அதுல மேல போய் நின்னுக்கும். ரத்தம் மட்டும் கீழ வழியாப் போகும். இதுலயும் காத்து மேலதான ஏறும்?"

"பின்ன, கீழயா எறங்கும்?"

"அப்ப நீங்க தொறக்கற ஓட்ட ஏன் கீழ இருக்கு?"

சோடாபுட்டி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். பக்கத்தில் அதே மாதிரி வண்டி ஒன்று சக்கரமில்லாமல் நின்றது. அதில் திருகு உச்சியில் இருந்தது.

"அடச்சே!" தலையில் அடித்துக்கொண்டார். "சக்கரத்தப் புடிச்சு நிறுத்தற காலிப்பர இடம் மாத்தி மாட்டிட்டேன். இடதுபக்கத்தது வலதுல, வலதுபக்கத்தது இடதுல. போல்ட்டெல்லாம் சரியா உக்காந்துருச்சு, அதான் தெரியல. காத்து மேல சொகுசா உக்காந்திருக்கு, நான் கீழ திறந்து நல்ல ஆயில ஊத்திக்கிட்டிருக்கேன்."

இரண்டையும் கழற்றி அதனதன் பக்கத்தில் மாட்டினார். திருகைத் திறந்ததும் குழாய் நுரை நுரையாகத் துப்பியது. குமிழி நின்ற பிறகு அவள் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். பெடல் மேலேயே கெட்டியாக நின்றது.

சோடாபுட்டி குரலைத் தாழ்த்தினார். "சரியாயிருச்சுல்ல தங்கச்சி, வெளிய சொல்ல வேண்டாம். முதலாளி என்னக் கிழிச்சுருவார்."

"அங்க என்னை எல்லார் முன்னாடியும் கிழிச்சாச்சுண்ணே. கோளாறு பிரேக்லதான்னு எங்க மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. யாரு மாட்டுனதுன்னு நான் சொல்லமாட்டேன்."

சோடாபுட்டி கையைத் துணியில் துடைத்தார். பிறகு போனை எடுத்து, "எங்க தப்புதான் சார்" என்றார்.

அவள் திரும்பியபோது வரவேற்பறையில் அதே நோயாளிகள் இருந்தார்கள். மேனேஜர் வாசலிலேயே, "சரியாயிருச்சுல்ல, விடு. ஏத்திட்டுக் கிளம்பு" என்றார்.

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். "சொன்ன எடத்துலயே மாத்திச் சொல்லுங்க சார்."

"என்னத்த?"

"என் காலப் பத்தி."

"இதெல்லாம் ஒரு விஷயமா? நெட்டையா, சாவிய எடு."

நெட்டையன் அவளைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். கை நீளவில்லை. மூலையிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் குரல் கொடுத்தார்: "சீக்கிரம் சொல்லிருங்க சார். வேற ஆள் ஓட்டுனா நான் ஏறமாட்டேன், இங்கயே படுத்துக்குவேன். ராத்திரி எனக்குக் குறட்டை வேற வரும்."

இந்தத் தடவை சிரித்தது நோயாளிகள்.

"கோளாறு பிரேக்லதான்" என்றார் மேனேஜர் சுவரிடம்.

"அப்புறம்?"

"உன் கால்ல ஒண்ணும் இல்ல."

"சத்தமா சார். பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னார். அவள் சாவியை எடுத்தாள்.

சரிவின் அடியில் சிக்னல் சிவப்புக்கு மாறியது. ஒரே மிதி, கோட்டுக்கு முன்னால் வண்டி குலுங்காமல் நின்றது.

"கியரக்கா, அவர் மூஞ்சி போன போக்கப் பாத்தியா?" என்றார் பின்சீட்டிலிருந்து வாத்தியார்.

"ரோட்டப் பாக்கறேன் சார்" என்றாள்.